கூரையைக் காத்த துத்தநாகம்

மழை இரவில் தோட்டத்து லயத்தில் உறங்கிய எவரும் தகரக் கூரையின் ஓசையை மறந்திரார். கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்த யானும் அவ்வோசையில் வளர்ந்தவனே. ஆயினும், நாம் தகரம் என்று வழங்கும் அக்கூரையின் பூச்சு தகரமன்று என்பதை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில்தான் அறிந்தேன்.

தகரம் என்பது வெள்ளீயம். பேராக்கிலும் சிலாங்கூரிலும் தோண்டியெடுத்து உலகிற்கு ஏற்றுமதி செய்யப்பெற்ற உலோகம். அது பூசப்பெற்றது பால் டின்னுக்கு. கூரைக்குப் பூசப்பெற்றது துத்தநாகம். மலாய்க்காரர் அதனை 'ஸிங்க்' என்றே அழைக்கின்றனர். பெயரிடுவதில் அவர்கள் நம்மினும் சரியாக இருந்தனர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்பெயர்க் குழப்பம் சிறிதன்று. வெள்ளீயப் பூச்சில் கீறல் விழுந்தால், அவ்விடத்தில் இரும்பு முன்னிலும் விரைந்து துருப்பிடிக்கும். துத்தநாகமோ இரும்பினும் எளிதில் கரையும் இயல்புடையது. எனவே கீறல் விழுந்த இடத்தில் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். எறிந்த பால் டின் சில மழையில் சிவந்துபோக, கூரை பல்லாண்டு நின்றதன் காரணம் இதுவே.

துத்தநாகத்தைப் பிரித்தெடுத்தல் எளிதன்று. தாதுவிலிருந்து வெளிவரும் வெப்பநிலையில் அது ஆவியாகிவிடும். காற்றுப் பட்டால் வெண்பொடியாக எரிந்துபோகும். இராசத்தானத்து சாவர் என்னுமிடத்தில் வாழ்ந்த நம் நாட்டுக் கொல்லர், மண்குடுவைகளைத் தலைகீழாக நிறுத்தி, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்தனர். உலைக்கு 36 குடுவைகள் வீதம் அடுக்கப்பெற்ற பழைய உலைகளை 1983ஆம் ஆண்டு அகழாய்வாளர் அங்கே கண்டனர். இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் இத்தகைய முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738இல்தான். கீழை நாட்டுத் துத்தநாகத்தை ஐரோப்பிய வணிகர் அதற்கு முன்பே 'டூட்டநேக்' என்றனர். அச்சொல்லில் நம் சொல்லின் சாயலைக் காணாதார் யார்!

1829இல் ஹென்றி பாமர் இலண்டனில் நெளிவுத் தகட்டிற்குக் காப்புரிமை பெற்றார். 1837இல் பிரெஞ்சுக்காரர் சோரல், உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறைக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் இணைந்தபோது பிறந்ததே நம் லயத்துக் கூரை. அத்தாப்புக் கூரைபோல் அது தீப்பற்றாது. அடிக்கடி வேயவும் வேண்டா.

எனினும் துத்தநாகமும் தேய்ந்து தீரும். ஆணித் துளைகளிலும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஓரங்களிலும் முதலில் செம்மை படரும். பின்னர் ஒழுகும். ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்துவிட்டு, புத்தகத்தை நகர்த்திக்கொண்டு படித்த நாள்கள் எனக்குண்டு. தந்தையார் நிருவாகத்தாரிடம் முறையிட்டுப் புதுத்தகடு வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும்.

பூச்சைத் தடிமனாக்காமலே ஆயுளைக் கூட்ட இயலுமா என்ற வினாவிற்குக் கலப்புலோகம் விடையாயிற்று. அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு நிறுவனம் 1972இல் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. எடையில் நூற்றுக்கு 55 பங்கு அலுமினியம், 43.4 பங்கு துத்தநாகம், 1.6 பங்கு சிலிக்கன். அலுமினியம் அரிப்பைத் தடுக்கும் படலமாக நிற்கிறது; அதனிடையே ஊடுருவி நிற்கும் துத்தநாகம் வெட்டுவாயில் கரைந்து எஃகைக் காக்கிறது. உருகிய அலுமினியம் எஃகைக் கட்டுக்கடங்காமல் தின்றுவிடாதபடி சிலிக்கன் தடுக்கிறது. பரவலாக வழங்கும் ஒரு வகையில், ஒரு சதுர மீட்டர்த் தகட்டின் இருபுறமும் சேர்த்துப் பூச்சு 150 கிராம்தான். ஒரு புறத்தின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு!

இதற்கும் பகை உண்டு. ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும். செம்பின்மேல் வழிந்த நீரும் ஆகாது. அலோர் ஸ்டாரில் எம் பள்ளியின் மிதிவண்டிக் கொட்டகைக்கு இத்தகடு வேய்ந்தபோது, சுவரோரம் சிந்திய சிமெண்டை உடனே கழுவச் சொன்னேன். கொத்தனார் நீரை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "தகரத்துக்கு இவ்வளவு பக்குவமா, சார்?"