ஊசி எழுதிய நெடுங்கணக்கு

ஆங்கிலத்தில் ‘சாம்ப்ளர்’ எனப்படுவதை ‘மாதிரித் துணி’ எனப் பெயர்க்கலாம். ‘எக்செம்ப்ளம்’ என்னும் இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சின் வழியே ஆங்கிலம் புகுந்து இவ்வடிவம் பெற்றது. 1530இல் வெளிவந்த ஜான் பால்ஸ்கிரேவின் பிரெஞ்சு மொழி நூல், பெண் பார்த்துத் தைப்பதற்குரிய மாதிரி என்றே இதனைக் குறிக்கின்றது. அச்சிட்ட வடிவநூல்கள் அரிதாயிருந்த காலத்தில் தையல் வல்ல பெண்டிர் தாம் கண்ட பூவேலைகளைச் சேமித்த குறிப்பேடு அது. சிறுமியர் பயிற்சித் துணி என்னும் பொருள் பின்னரே மேலோங்கிற்று.

ஆண்டு பொறித்த பிரித்தானியத் துணிகளுள் மிகப் பழையது 1598இல் ஜேன் பாஸ்டாக் தைத்தது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆலிஸ் லீ என்னும் குழந்தை 1596 நவம்பர் 23இல் பிறந்த செய்தியும் நெடுங்கணக்கும் அதில் உள.

தையலில் நெடுங்கணக்கு எதற்கு? விரிப்புகளிலும் உள்ளாடைகளிலும் உரியவரின் பெயர் முதலெழுத்தையும் எண்ணையும் தைத்து அடையாளமிடுவதற்கே. நம் சலவைத் தொழிலாளர் சேங்கொட்டைச் சாற்றால் இட்டுவந்த குறியும் இத்தகையதே.

இவ்வெழுத்து வரிசை மொழியியலார்க்குரிய சான்றாகும். ‘ஐ’யும் ‘ஜே’யும் ஓரெழுத்தாகவும், ‘யூ’வும் ‘வி’யும் ஓரெழுத்தாகவும் நெடுங்காலம் கருதப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டில் அச்சகங்கள் இவற்றைப் பிரித்தாளத் தொடங்கிய பின்னரும், பதினெட்டாம் நூற்றாண்டுத் துணிகள் பலவற்றில் ‘ஜே’யும் ‘யூ’வும் இடம்பெறவில்லை. சிறுமி பழைய துணியைப் பார்த்தே புதியதைத் தைத்தாள். ஆதலின் துணியில் பொறித்த ஆண்டினை அதன் எழுத்துமுறைக்கும் உரிய ஆண்டாகக் கொள்ளுதல் பொருந்தாது.

ஏழைச் சிறுமியர் பலர்க்குப் படிப்பும் தையலும் கற்பிக்கப்பட்டன, எழுதுதல் கற்பிக்கப்படவில்லை. சசெக்ஸ் வட்டாரத்து ஆஷ்பர்ன்ஹாமில் 1813இல் பிறந்த எலிசபெத் பார்க்கர், 1830ஐ ஒட்டிச் சிவப்பு நூலால் தன் வரலாற்றையே தைத்தாள். பணிசெய்த வீட்டில் பட்ட கொடுமையும் உயிரை மாய்க்க எழுந்த எண்ணமும் அதில் விரிகின்றன. பூவில்லை, கரையில்லை, இறுதி வாக்கியம் முடியாமலே நிற்கின்றது. பிற்காலத்தில் அவர் தம் ஊர்ப்பள்ளியில் ஆசிரியராயிருந்து 1889இல் காலமானார்.

தனக்கு எழுத இயலாது என்பதே அத்துணியின் தொடக்கம். இதனைத் தமிழாக்குவோர் இடர்ப்படுவர். தொய்யில் எழுதுதல், மை எழுதுதல் எனத் தமிழில் எழுத்து கருவியைச் சாராதது. நேர்பெயர்ப்பு முரணாகவே ஒலிக்கும். ‘எனக்குப் பேனா பிடித்து எழுத வராது’ என்பது ஏற்புடைத்து. முடியாத இறுதி வாக்கியத்தை மட்டும் வினைமுற்று இட்டு முடித்துவிடலாகாது.