கம்பளிப் போர்வை கோட்டாக மாறிய கதை

1941-ம் ஆண்டு ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனில் காலையில் வானொலியைத் திருப்பியவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. இனி கையில் பணம் இருந்தால் மட்டும் துணி வாங்க முடியாது, கூப்பனும் வேண்டும் என்று வர்த்தக அமைச்சர் ஆலிவர் லிட்டில்டன் அறிவித்தார். விஷயம் முன்கூட்டியே கசிந்தால் மக்கள் கடைகளைக் காலி செய்துவிடுவார்கள் அல்லவா? அதனால் கூப்பன் புத்தகம்கூட அச்சடிக்கவில்லை. ரேஷன் புத்தகத்தில் மார்ஜரினுக்காக வைத்திருந்த உபரிக் கூப்பன்களையே துணிக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள். வெண்ணெய்க்குப் பதிலாக ரொட்டியில் தடவும் மார்ஜரினின் கூப்பனைக் கொடுத்துச் சட்டை வாங்கிய விசித்திரம் இப்படித்தான் நடந்தது!

காரணம் போர்தான். கம்பளி நூலும் ஆலைகளும் ஆட்களும் ராணுவச் சீருடைக்குப் போய்விட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து கம்பளி ஏற்றிவரும் கப்பல்களில் உணவுக்கும் ஆயுதத்துக்கும்தான் முதல் இடம்.

முதல் ஆண்டுக்கு ஒருவருக்கு 66 கூப்பன்கள். கேட்பதற்கு நிறையத் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். லைனிங் வைத்த பெண்கள் கோட்டுக்கு 14, கம்பளி கவுனுக்கு 11, ஒரு ஜோடி ஷூவுக்கு 5. இந்த மூன்றுக்கே 30 போய்விட்டது. உள்ளாடை, காலுறை, கைக்குட்டை எல்லாம் மீதியில்தான் வாங்க வேண்டும். ஆண்களின் ஓவர்கோட்டுக்கு 16.

சரி, துணி வாங்கி வீட்டிலேயே தைத்தால் மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல். 36 அங்குல அகலக் கம்பளித் துணி ஒரு கஜத்துக்கு 3 கூப்பன். முழு நீளக் கோட்டுக்கு நாலு கஜம் என்று வைத்துக்கொண்டால் 12. லைனிங் துணிக்கு கஜத்துக்கு 2 வீதம் தனியாக வேறு. கடைக் கோட்டைவிட இது அதிகம்! ஆக, புதுத் துணியில் தைத்து லாபம் பார்க்க முடியாது. லாபம் பழைய துணியில்தான் இருந்தது. வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் போர்வைக்கும், பட்டாளத்துக்குப் போன கணவன் விட்டுச் சென்ற ஓவர்கோட்டுக்கும் யாரும் கூப்பன் கேட்கப் போவதில்லை. எனவே பெண்களின் கண் அலமாரிப் பக்கம் திரும்பியது.

ஆனால் கம்பளிப் போர்வையைக் கோட்டாக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. சேலை ஓரம் அடிப்பது, ரவிக்கை தைப்பது போல நினைத்துவிடக் கூடாது. இரண்டு மடிப்புப் போர்வையே தையல் மிஷினின் பாதத்துக்கு அடியில் நுழைய மறுக்கும். காலரும் தோளும் சேரும் இடத்தில் நாலைந்து மடிப்பு. அந்த இடத்தில் ஊசி ஒடியும். அப்போது ஒரு ஊசி ஒடிந்தாலும் நஷ்டம்தான். கிளைட்பேங்க் நகரிலிருந்த பிரம்மாண்டமான சிங்கர் தையல் மிஷின் ஆலையே போர்த் தளவாட வேலைக்குத் திரும்பியிருந்தது. அதனால் பாட்டி காலத்துக் கைச்சக்கர மிஷினை வைத்துத்தான் பலரும் ஒப்பேற்றினார்கள்.

தடிமன் மட்டும் பிரச்சனை இல்லை. மிஷினின் பல் அடித்துணியை இழுக்கும், பாதம் மேல்துணியை அழுத்தித் தடுக்கும். மெல்லிய துணியில் இது தெரியாது. போர்வையில் தைத்து முடிக்கும்போது மேல்துணி ஓர் அங்குலம் வெளியே நீண்டு நிற்கும். இதற்கு ஒரே வழி, முதலில் கையால் நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு, பெரிய தையலாக வைத்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுவது. தைத்த பிறகு உள்ளே இருக்கும் விளிம்புகளை ஒன்றைவிட ஒன்று குட்டையாக, படிக்கட்டு போல வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தையல் ஓடும் இடமெல்லாம் கயிறு வைத்ததுபோல் புடைத்துக்கொள்ளும்.

அடுத்தது இஸ்திரி. உண்மையில் கோட்டின் அழகு பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது. ஈரத்துணியைப் பரப்பி அதன்மேல் சூடான பெட்டியை வைத்து ஆவி ஏற்ற வேண்டும். உடனே ஒரு மரக்கட்டையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆவி வெளியேறி, கம்பளி குளிர்ந்து, தையல் தட்டையாக உட்காரும். வெட்டுவதற்கு முன்பே போர்வையை நனைத்துக் காயவைக்காதவர்கள் இந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். ஆவி பட்டதும் துணி சுருங்கிவிடும்!

போர்வைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. நெய்த பிறகு அடித்து இறுக்கிய கம்பளி என்பதால் வெட்டிய இடத்தில் நூல் அவ்வளவாகப் பிரியாது. ஆகவே ஓரத்தை மடிக்கத் தேவையில்லை. வெட்டின ஓரத்திலேயே கம்பளி நூலால் கம்பளித் தையல் போட்டால் போதும், அதுவே அலங்காரமும் ஆகிவிடும். நிறம்தான் காட்டிக்கொடுக்கும். ராணுவச் சாம்பல் நிறப் போர்வையைச் சாயம் போட்டு நீலமாகவோ பழுப்பாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

ஆண்களின் பழைய ஓவர்கோட்டுக்கு வேறு ஒரு வித்தை இருந்தது. அதன் தையல்களை எல்லாம் பிளேடால் பிரித்து, துவைத்து, துணியை உள்வெளியாகத் திருப்பி மறுபடி தைப்பார்கள். வெளிப்பக்கம் வெளுத்துத் தேய்ந்திருந்தாலும் உட்பக்கம் புதிதாக இருக்குமே! இதில் வேடிக்கை என்னவென்றால், திருப்பியதும் இடது வலதாகிவிடும். மேல்பாக்கெட் வலது மார்புக்குப் போகும், காஜாக்கள் பெண்கள் கோட்டைப் போல வலது பக்கம் வந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் ஒரு பார்வையிலேயே 'இது திருப்பிய கோட்டு' என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதே கோட்டைப் பெண்ணுக்காக வெட்டித் தைத்தாலோ காஜா சரியான பக்கத்தில் அமையும்.

1943-ல் அரசாங்கமே 'இருப்பதைத் தைத்துச் சமாளி' என்ற பொருளில் 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்று ஒரு சிறு புத்தகம் போட்டது. முன்னுரை எழுதியவர் அப்போதைய வர்த்தக அமைச்சர் ஹியூ டால்டன். ஒட்டுப் போடுவது முதல் அந்துப்பூச்சியை விரட்டுவது வரை எல்லாம் அதில் உண்டு. சுவரொட்டிகளில் 'மிசஸ் சோ அண்ட் சோ' என்ற பொம்மைப் பெண் வந்து பாடம் நடத்தினாள். ஏழை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த காரியத்தைத்தான் அமைச்சர் புத்தகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். அந்த வீடுகளின் சிரமமோ வேறு. வசதியானவர் வீட்டு அலமாரியில் திருப்பித் தைக்க நாலு கோட்டு இருக்கும். இல்லாதவர் வீட்டில் இருப்பதே ஒரு போர்வை. அதை வெட்டினால் பிள்ளைகள் இரவில் எதைப் போர்த்திக்கொள்வது? எல்லோருக்கும் சமமாகக் கூப்பன் கொடுத்தது நியாயம்தான். ஆனால் அலமாரியைச் சமமாக்க எந்த அமைச்சராலும் முடியவில்லை.

போர் முடிந்தால் விடியும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம். 1945 செப்டம்பர் முதல் 1946 ஏப்ரல் வரையிலான எட்டு மாதங்களுக்கு வெறும் 24 கூப்பன்கள்தான் கிடைத்தன. அதன் பிறகு வந்தது 1947-ன் கொடிய குளிர். ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை நாட்டின் ஏதாவது ஒரு மூலையில் தினமும் பனி கொட்டியது. நிலக்கரி போய்ச் சேரவில்லை, மின்சாரத்தை நிறுத்தினார்கள். வீட்டுக்குள்ளேயே கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டிய நிலை. போர்வைக் கோட்டுகளின் அருமை அந்த இரண்டு மாதங்களில் தெரிந்தது.

கடைசியில் 1949 மார்ச் 15 அன்று துணி ரேஷன் ஒழிந்தது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்தவர் பின்னாளில் பிரதமரான ஹெரால்ட் வில்சன். குளிர்காலம் முடிகிற நேரம் அது. கூப்பன் இல்லாமல் புதுக் கோட்டு வாங்கலாம் என்று ஆனபோது, இருந்த கோட்டையே மடித்து அந்துருண்டை போட்டு உள்ளே வைக்க வேண்டிய பருவம் வந்திருந்தது.