சார்புநிலைச் செய்நிரல் மொழிகளின் தொடரியல்: ஒரு நீண்ட வழக்கு

மாறிகளின் பெறுமதியை அடிக்கடி மாற்றாமல், சார்புகளை ஒன்றுக்குள் ஒன்று பொருத்திக் கணிப்பவை சார்புநிலைச் செய்நிரல் மொழிகள். கணிப்பு முறையில் பெரும்பாலும் ஒத்துப்போகும் இவற்றின் அறிஞர்கள், அதை எழுதிக் காட்டும் வடிவத்தில் மட்டும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒத்துப்போனதில்லை.

வழக்கு லிஸ்ப் மொழியோடு தொடங்குகிறது. 1958இல் அதை வடிவமைக்கத் தொடங்கிய ஜோன் மக்கார்த்தி, தரவுக்கு அடைப்புக்குறிப் பட்டியலும் மனிதர் எழுதும் செய்நிரலுக்குக் கணிதம் போன்ற வேறொரு வடிவமும் வைத்திருந்தார். அவர் தாளில் வரையறுத்த மதிப்பீட்டுச் சார்பை ஸ்டீவ் ரசல் கணினியில் ஓடச் செய்ததும் தரவு வடிவமே மொழியாகிவிட்டது. 2 + 3 * 4 என்பதை (+ 2 (* 3 4)) என்று எழுத வேண்டியதாயிற்று. மற்ற வடிவம் முழுமை பெறவேயில்லை. செய்நிரலும் தரவும் ஒரே உருவில் இருப்பதால் செய்நிரலே செய்நிரலை எழுதலாம் என்பது ஆதரவாளர் வாதம். வாதம் வலுவானதுதான், கடைசி வரியில் குவியும் மூடடைப்புகளை எண்ணுபவருக்கு அது ஆறுதலாவதில்லை.

1966இல் பீற்றர் லாண்டின் முன்வைத்த ஐஸ்விம் எதிர்த்திசையில் சென்றது. கூட்டல் குறி எண்களுக்கு நடுவே வந்தது. ஒரு கோவை எங்கே முடிகிறது என்பதை உள்தள்ளலே காட்டியது. டேவிட் டேர்னரின் மிராண்டா (1985), பின்பு ஹாஸ்கெல் (1990) ஆகியவை இவ்வழியில் வந்தவை. இவற்றில் சார்பின் பெயரை அடுத்து ஓர் இடைவெளி விட்டு உள்ளீட்டை எழுதினால் போதும், அடைப்பு வேண்டாம். உள்தள்ளல் பிசகினால் செய்நிரல் ஓடாது என்பது, உயர்தரத்தில் பைதன் படிக்கும் நம் மாணவருக்கும் பழக்கமான தொல்லை.

இந்த இழுபறி முழுவதையும் ஒருவரது பணியிலேயே காணலாம். ஜேம்ஸ் கிளார்க், 1996இல் தரமாக வெளியான டிஎஸ்எஸ்எஸ்எல் என்ற ஆவண வடிவமைப்பு மொழிக்குச் செயலி எழுதினார். அம்மொழி லிஸ்ப் வழிவந்த ஸ்கீமின் அடைப்புக்குறிகளைக் கொண்டது. அவர் பதிப்பாசிரியராக இருந்து 1999இல் வெளிவந்த, எக்ஸ்எம்எல் ஆவணங்களை உருமாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 1.0, அதே வகை வேலையைக் கூர்முனை அடைப்புகளுக்குள் கொண்டுபோனது. உருமாற்றும் விதிகளும் எக்ஸ்எம்எல் ஆகவே இருந்தால் அவற்றையும் உருமாற்றலாம் என்ற கணக்கு, லிஸ்ப்பின் பழைய கணக்கேதான். விலை என்ன? ஒன்று மற்றதைவிடச் சிறிதா என்று கேட்க < குறியை அங்கே நேராக எழுத முடியாது; & குறியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் நான்கு வரியுருக்களைத் தட்டச்சிட வேண்டும்.

கதை அடுத்துக் கொழும்புக்கு வருகிறது. சஞ்சீவ வீரவரண 2005இல் இணைந்து நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், மென்பொருள் சேவைகளை இணைக்க நீண்டகாலம் எக்ஸ்எம்எல் கோப்புகளையே நம்பியிருந்தது. அந்தச் சுமையிலிருந்து விடுபட 2017இல் அது அறிவித்த மொழி பாலரீனா, 1.0 பதிப்பு 2019இல் வெளியானது. அதன் வடிவமைப்பில் முக்கிய பங்காற்றியவர்களுள் கிளார்க்கும் ஒருவர். இம்முறை மொழியின் வடிவம், சி, ஜாவா எழுதுவோர் கண்டதும் வாசிக்கக்கூடிய நெளிவடைப்பு. பட்டியலிலிருந்து வேண்டியதை வடித்தெடுக்கும் வினவல் கோவை சார்புநிலை மரபின் சாயலில் உள்ளே இருக்கிறது. மாறிகளையும் மாற்றலாம் என்பதால் மொழி முழுவதையும் அம்மரபில் சேர்க்க முடியாது. இன்னொரு புதுமை, அதே செய்நிரலைச் சேவைகளுக்கிடையே செய்தி செல்லும் வரிசைப் படமாகவும் காட்டலாம், படத்தில் திருத்தினால் எழுத்தும் மாறும் என்பது.