மேட்டில் இறங்கித் தள்ளியவர்கள்

பச்சமலை அடிவாரத்துப் பூலாம்பாடிக்காரன் நான். கியர் இல்லாத சைக்கிளில், கேரியரில் மூட்டையோடு வந்த எங்கள் தலைமுறைக்கு மேடு என்றால் இறங்கித் தள்ளுவதுதான். விடுதி நண்பர்கள் அதைச் சொல்லி ரொம்பவே கிண்டல் செய்வார்கள். அதற்குச் சரித்திரத்தில் பதில் இருக்கிறது.

1910 ஜூலை 21. பிரான்சைச் சுற்றிவரும் 'டூர் தெ பிரான்ஸ்' சைக்கிள் பந்தயம் முதன்முறையாகப் பிரனீஸ் மலையின் பெரிய கணவாய்களில் ஏறியது. அன்றைய தூரம் மட்டும் 326 கிலோமீட்டர்! விடியும் முன்பே புறப்பட்டார்கள். கரடுமுரடான மண் பாதை. 2,115 மீட்டர் உயரத்திலுள்ள தூர்மலே கணவாயை முதலில் தொட்ட ஒக்தாவ் லாபீஸ், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேதான் போய்ச் சேர்ந்தார். பின்னால் வந்த குஸ்தாவ் காரிகு இறங்காமலே மிதித்து ஏறினார். அதற்கென்று 100 பிராங்க் பரிசும் வாங்கினார். அடுத்த மலையில் லாபீஸ் பந்தயம் நடத்தியவர்களைப் பார்த்து 'கொலைகாரர்களே' என்று கத்தினாராம். கத்தாமல் என்ன செய்வார்? ஆனால் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி அன்று ஜெயித்தது அவர்தான். அந்த வருடப் பந்தயத்தையே ஜெயித்ததும் அவர்தான்.

ஓட்டிக்கொண்டே மாற்றும் கியரை அந்தப் பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதித்தார்கள். அதுவரை மேடு வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும்.

நம் பக்கம் 2008-இல் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' சைக்கிள் பயணம் தொடங்கியது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதைதான் அதில் பேர்போனது. 36 கொண்டை ஊசி வளைவுகள். எல்லாம் கியர் சைக்கிள்தான், தம்பிகளா! அங்கேயும் இறங்கித் தள்ளுகிறவர்கள் உண்டு.