செவிலியர் பணிநிலை: பெரம்பலூர், அரியலூர்

ஆஸ்பத்திரிக்குள் ‘சிஸ்டர்’, ஊருக்குள் ‘நர்சம்மா’. செவிலியர் என்ற சொல்லை அரசாணைக்கு வெளியே இந்தப் பக்கம் அதிகம் கேட்க முடியாது. பெரம்பலூர், அரியலூர் இரண்டும் சிறிய மாவட்டங்கள். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223. தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே மிகக் குறைவு. அரியலூரில் 7,54,894 பேர். அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022 ஜனவரியில், ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்றாக. பெரம்பலூரோ தன் அரசுத் தலைமை மருத்துவமனையை நம்பியிருக்கிறது.

ஒரு சிஸ்டரின் மனநிறைவை நிர்ணயிப்பது நோயாளியைவிட, கையிலிருக்கும் பணி நியமன ஆணைதான். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து 7,000-க்கும் மேற்பட்ட செவிலியரைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்துப் பணி நிரந்தரம் என்பது எதிர்பார்ப்பு. அந்த இரண்டு ஆண்டு முடிந்தும் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. அதைக் கேட்டு 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னையில் டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்ன பிறகே கலைந்தார்கள். பக்கத்து வார்டில் அதே ஊசியைப் போடும் நிரந்தரச் செவிலியர் பல மடங்கு சம்பளம் வாங்கினார் என்பதுதான் தொகையைவிட அதிகம் உறுத்தியது.

தனியார் துறையில் நிலை வேறு. உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுப்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்றது. கேரளம் 2018-இல் அதை அறிவிக்கையாக்கியது. அங்கே செவிலியர் சங்கங்கள் தெருவில் இறங்கியது அதற்கு முக்கியக் காரணம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆள் கணக்கு இன்னும் எளிது. இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க, எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று மூன்று செவிலியர் போதும் என்பது தமிழ்நாடு வகுத்த ஏற்பாடு. பிரசவத்தை வீட்டிலிருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. ஆனால் மூவரில் ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்ற இருவருக்கும் பன்னிரண்டு மணி நேரம். நைட் டியூட்டியில் வலியெடுத்த பெண் ஒரு பக்கம், பாம்பு கடித்து வந்தவர் இன்னொரு பக்கம் என்றால், நிலையத்தில் இருப்பது அந்த ஒரு சிஸ்டர்தான்.

கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஷிஃப்டே கிடையாது. சமவெளியில் 5,000 பேருக்கும், பச்சைமலை போன்ற மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் அவர் பொறுப்பில் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, வீடு வீடாக நடை எல்லாம் முடிந்த பிறகு, அன்றைய விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை பாக்கி இருக்கும்.