புளூ (ஜோனி மிட்செல் இசைத்தொகுப்பு)

புளூ என்பது கனடாவைச் சேர்ந்த பாடகரும் பாடலாசிரியருமான ஜோனி மிட்செலின் நான்காவது இசைத்தொகுப்பு ஆகும். 1971 ஜூன் 22 அன்று ரிப்ரைஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. காதல், பிரிவு, தனிமை ஆகியவற்றைப் பேசும் 10 பாடல்கள் இதில் உள்ளன.

பின்னணி

இசைக்கலைஞர் கிரகாம் நாஷுடனான மிட்செலின் உறவு 1970 இல் முறிந்தது. மேடை நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொண்டு அவர் ஐரோப்பாவுக்குப் பயணமானார். கிரேக்கத்தின் கிரீட் தீவில், நாடோடி இளைஞர்கள் குகைகளில் வாழ்ந்துவந்த மட்டாலா என்னும் ஊரில் சில காலம் தங்கினார். பயணத்தில் எளிதாக எடுத்துச் செல்லத்தக்க டல்சிமர் என்ற நரம்பிசைக் கருவியை மீட்டிப் பாடல்கள் இயற்றினார். 'கேரி', 'கலிபோர்னியா' ஆகிய பாடல்கள் இப்பயணத்தின் விளைவுகள்.

ஒலிப்பதிவு

ஹாலிவுட்டில் உள்ள ஏ அண்டு எம் ஒலிப்பதிவுக்கூடத்தில் தொகுப்பு பதிவு செய்யப்பட்டது. தயாரிப்பை மிட்செலே கவனித்தார். ஹென்றி லூவி ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தார். சில பாடல்களுக்கு ஜேம்ஸ் டெய்லர் கித்தார் வாசித்தார். பின்னணி இசை மிகக் குறைவாக இருந்ததால் குரலும் சொற்களும் முதன்மை பெற்றன.

வரவேற்பு

அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 15 ஆம் இடத்தையும் பிரித்தானியாவில் 3 ஆம் இடத்தையும் தொகுப்பு எட்டியது. விமர்சகர்கள் பலர் பாராட்டினர். ஆயினும், அந்தரங்கத்தை இவ்வளவு வெளிப்படையாகப் பாட வேண்டுமா என்று சக கலைஞர் கிரிஸ் கிரிஸ்டோபர்சன் தயங்கினார்.

ரோலிங் ஸ்டோன் இதழில் எழுதிய திமோதி குரோஸ், தொகுப்பைப் போற்றினாலும் 'லிட்டில் கிரீன்' பாடலின் பொருள் விளங்கவில்லை எனக் குறை கூறினார். மணமாகாத நிலையில், வறுமையில், 1965 இல் பெற்ற மகளை மிட்செல் தத்துக் கொடுத்திருந்தார். அம்மகளைப் பற்றிய பாடலே அது. இச்செய்தி 1990களில்தான் பொதுவெளிக்கு வந்தது. தாயும் மகளும் 1997 இல் சந்தித்தனர். அதன்பின் அப்பாடல் வேறு பொருளில் கேட்கப்பட்டது. அனைத்தையும் ஒளிவின்றிச் சொல்வதாகக் கருதப்பட்ட தொகுப்பிலும் சொல்லப்படாத துயரம் ஒன்று இருந்தது புலனாயிற்று.

பிற்கால மதிப்பீடு

1999 இல் கிராமி புகழரங்கில் புளூ சேர்க்கப்பட்டது. ரோலிங் ஸ்டோன் இதழின் தலைசிறந்த 500 தொகுப்புகள் பட்டியலில் 2003 இல் 30 ஆம் இடம் பெற்றிருந்த இது, 2020 இல் 3 ஆம் இடத்துக்கு உயர்ந்தது. தன் வாழ்வையே பாடுபொருளாக்கும் பாடலாசிரியர்களுக்கு இது இன்றும் முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது.