உடன்போக்கு: சங்கப் பாடல் முதல் திரைப்படம் வரை

காதலர் இருவர் பெற்றோர் அறியாமல் ஊரைவிட்டு நீங்குவதைத் தமிழ் அக இலக்கியம் 'உடன்போக்கு' என்று அழைக்கிறது. இன்றைய பேச்சுவழக்கில் இதையே 'ஓடிப்போதல்' என்கிறோம். செயல் ஒன்றுதான். ஆனால் முதற்சொல் இருவரும் சேர்ந்து நடப்பதைக் காட்டுகிறது. இரண்டாவது சொல்லில் ஒரு பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சங்கப் பாடல்கள், சென்னையில் தொடங்கி உச்ச நீதிமன்றம்வரை சென்ற ஒரு வழக்கு, சில திரைப்படங்கள் ஆகியவற்றின் வழியே இந்தச் செயலைத் தமிழ்ச் சமூகம் எவ்வாறு பார்த்துவந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்கணமும் பாடல்களும்

தொல்காப்பியம் இதற்குக் 'கொண்டுதலைக்கழிதல்' என்ற பெயரைத் தருகிறது. தலைவன் தலைவியைத் தன்னுடன் கொண்டு செல்லுதல் என்பது இதன் பொருள். அதே நூலின் கற்பியல், பெண்ணைக் கொடுப்பதற்கு உரியவர் இல்லாமலும் மணச்சடங்கு உண்டு என்றும், இருவரும் உடன்போன காலத்தில் அது நிகழும் என்றும் கூறுகிறது. பெற்றோர் வந்து கைப்பிடித்துக் கொடுக்காவிட்டாலும் அது திருமணமே என்று இலக்கண நூலே ஏற்றுக்கொண்டது கவனிக்கத்தக்கது.

ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியின் கடைசி முப்பது பாடல்கள் (371 முதல் 400 வரை) இந்த நிகழ்வை மூன்று கட்டங்களாகக் காட்டுகின்றன. முதல் பத்துப் பாடல்களில், மகள் போய்விட்டதை அறிந்த தாய் வருந்துகிறாள். அடுத்த பத்தும் காதலர் செல்லும் சுரவழியில் கூறப்பட்டவை. இறுதிப் பத்தின் பெயர் 'மறுதரவுப் பத்து'. மறுதரவு என்றால் திரும்பி வருதல். அந்தப் பத்தின் முதற்பாடலில், மகள் வரும்படி கரைந்தால் பொற்கலத்தில் ஊன்சோறு தருவதாகத் தாய் காக்கையிடம் சொல்கிறாள். அதே பத்தில் வரும் மற்றொரு பாடலில், சிலம்பு கழற்றும் சடங்கைத் தலைவன் வீட்டில் நடத்தினாலும் திருமணத்தையாவது எங்கள் வீட்டில் நடத்தலாகாதா என்று தாய் கேட்டனுப்புகிறாள்.

வழியில் காண்போரும் காதலரைப் பழிப்பதில்லை. குறுந்தொகையின் 7ஆம் பாடலில், எதிரே வரும் இணையரை வழிப்போக்கர் பார்க்கின்றனர். ஆடவன் காலில் வீரக்கழல் இருக்கிறது. பெண்ணின் காலில் சிலம்பு இருக்கிறது. மணத்துக்கு முன் சிலம்பைக் கழற்றுவது அக்கால வழக்கம். எனவே இவர்கள் இன்னும் மணம் முடிக்காதவர்கள் என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. ஆனாலும் அவர்கள் இரக்கமே கொள்கின்றனர், தடுத்து நிறுத்தவில்லை. கலித்தொகையின் பாலைக்கலியில், மகளைத் தேடிவரும் செவிலித்தாயிடம் அந்தணர்கள் பேசுகின்றனர். சந்தனம் பிறந்த மலைக்கும், முத்துப் பிறந்த கடலுக்கும், இசை பிறந்த யாழுக்கும் அவற்றால் என்ன பயன் என்று கேட்டு, அவள் சென்றது அறவழியே என்று ஆறுதல் கூறுகின்றனர்.

1960: கோடம்பாக்கத்திலிருந்து சாத்தூருக்கு

இருபதாம் நூற்றாண்டில் இதே கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், உரிய வயது நிரம்பாத ஒருவரைச் சட்டப்படியான பாதுகாவலரிடமிருந்து 'கொண்டு செல்வதை'க் கடத்தல் குற்றமாக்கியது. பெண்களுக்கான வயது வரம்பு 1949இல் 16இலிருந்து 18ஆக உயர்த்தப்பட்டது.

'எஸ். வரதராசன் எதிர் சென்னை மாநிலம்' என்ற வழக்கு இச்சட்டத்தின்கீழ் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் வசித்த கல்லூரி மாணவி ஒருவர் அடுத்த வீட்டு இளைஞரை விரும்பினார். இதை அறிந்த தந்தை, மகளைக் கோடம்பாக்கத்திலிருந்த உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். மறுநாள், 1960 அக்டோபர் 1 அன்று காலை, மாணவி அந்த வீட்டைவிட்டு வெளியேறினார். இளைஞருக்குத் தாமே தொலைபேசியில் பேசி, ஒரு சாலைக்கு வரச் சொன்னார். இளைஞர் காரில் வந்தார். கடையில் திருமாங்கல்யத்தைத் தேர்ந்தெடுத்ததும் மாணவியே. அங்கிருந்து பதிவாளர் அலுவலகம் சென்றனர். அடுத்த நாள் சாத்தூருக்கு ரயில் ஏறினர். பின்னர் வேறு ஊர்களுக்கும் சென்ற அவர்களைக் காவல்துறை தஞ்சாவூரில் கண்டுபிடித்துச் சென்னைக்கு அழைத்து வந்தது.

மாணவிக்கு 18 வயது நிறைய அப்போது சில வாரங்களே இருந்தன. இருந்தும் இளைஞருக்கு ஓராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 1964 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒருவரைக் கொண்டு செல்வது வேறு, தாமாக வரும் ஒருவரை உடன்வர அனுமதிப்பது வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. விவரம் அறிந்த வயதில் உள்ள பெண், தன் செயலின் பொருளை உணர்ந்து தானாக வீட்டைவிட்டு வந்திருக்கிறாள். அந்த எண்ணத்தை அவளிடம் உண்டாக்க இளைஞர் தூண்டுதல் செய்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். 'கொண்டுதலைக்கழிதல்', 'உடன்போக்கு' என்ற இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் தமிழ் மாணவருக்கு இந்த வேறுபாடு புதிதாகத் தோன்றாது.

தாம்பரத்தில் வாழ்பவர்களுக்கு இந்தப் பயணத்தின் வழி நன்கு தெரியும். எழும்பூரிலிருந்து சாத்தூருக்குச் செல்லும் பாதை தாம்பரம், செங்கல்பட்டு வழியாகவே போகிறது. 1931இல் கடற்கரை முதல் தாம்பரம்வரை மின்ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து இவ்வூர் தெற்குச் சென்னையின் வாசலாக இருந்துவருகிறது. தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்கும் படிப்புக்கும் வருபவர்கள் இறங்குமிடமும் இதுவே. வீட்டைவிட்டு வந்த சிறுவர் சிறுமியர் இறங்குமிடமும் இதுவே.

திரையில் 1981

1981ஆம் ஆண்டில் பதின்வயதுக் காதலைப் பற்றிய இரண்டு குறிப்பிடத்தக்க தமிழ்ப் படங்கள் வெளிவந்தன. இரண்டுக்கும் இசை இளையராஜா. சந்தானபாரதியும் பி. வாசுவும் இணைந்து இயக்கிய 'பன்னீர் புஷ்பங்கள்' ஊட்டியில் பள்ளி மாணவர் இருவரிடையே அரும்பும் அன்பைச் சொல்கிறது. அவர்களின் மனத்தைப் புரிந்துகொள்ளும் ஆசிரியராகப் பிரதாப் போத்தன் நடித்தார். பாரதிராஜா இயக்கிய 'அலைகள் ஓய்வதில்லை' குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் படமாக்கப்பட்டது. கார்த்திக், ராதா ஆகிய இருவருக்கும் இதுவே முதற்படம். பிராமண இளைஞனும் கிறித்தவப் பெண்ணும் காதலிக்கின்றனர். முடிவில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் துறந்து ஊரைவிட்டுப் போகின்றனர். படம் அவர்கள் புறப்படுவதோடு நிறைவடைகிறது. அவர்கள் எங்கே தங்கினார்கள், என்ன வேலை செய்தார்கள், எப்போதாவது ஊர் திரும்பினார்களா என்பவை கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

'காதல்' (2004)

வெளியே நின்ற அந்தக் கேள்விகளுக்கு உள்ளே சென்ற படம் பாலாஜி சக்திவேல் இயக்கிய 'காதல்'. இயக்குநர் ஷங்கர் தயாரித்த இப்படம் 2004 டிசம்பரில் வெளியானது. மதுரையில் இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் முருகனாகப் பரத்தும், பள்ளி மாணவி ஐஸ்வர்யாவாகச் சந்தியாவும் நடித்தனர். பெண்ணின் குடும்பம் செல்வாக்கும் சாதிப் பெருமையும் மிக்கது. ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று வற்புறுத்துபவள் பெண்தான். இருவரும் சென்னைக்கு வந்து, மேன்ஷனில் தங்கியிருக்கும் நண்பனின் உதவியை நாடுகின்றனர். தங்க அறை தேடுவதிலும், கையிருப்பு கரைவதிலும், திருமணத்தை நடத்த நண்பர்கள் அலைவதிலும் படம் பொறுமையாக நேரம் செலவிடுகிறது. சங்கப் பாடலின் சுரவழி இங்கே நகரத் தெருவாக மாறியிருக்கிறது. வழிப்போக்கரின் இரக்கத்தை நண்பனும் மேன்ஷன்வாசிகளும் காட்டுகின்றனர்.

பிறகு மறுதரவு வருகிறது. பெண்வீட்டார் திருமணத்தை ஏற்றுக்கொள்வதாக நம்பவைத்து இருவரையும் ஊருக்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கே முருகன் கொடுமையாகத் தாக்கப்படுகிறான். பெண் வேறொருவருக்கு மணம் முடிக்கப்படுகிறாள். ஆண்டுகள் கழித்து, மனநிலை பிறழ்ந்து தெருவில் திரியும் முருகனை அவள் காண்கிறாள். அவனைக் காப்பகத்தில் சேர்த்துப் பேணும் பொறுப்பை அவளுடைய கணவன் ஏற்கிறான்.

ஐங்குறுநூற்றுத் தாய் காக்கையிடம் வேண்டிய அதே 'திரும்பி வருதல்' இந்தப் படத்தில் ஒரு பொறியாகிவிட்டது. இதைத் திரைக்கதையின் மிகை என்று ஒதுக்கிவிட முடியாது. 2012 நவம்பரில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, தருமபுரி மாவட்டம் நத்தம் காலனி உள்ளிட்ட குடியிருப்புகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன.

சட்டமும் வயதும்

வயது வந்தவர்களுக்குச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. 1967இல் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றி, 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சுயமரியாதைத் திருமணச் சட்டத்தின்படி, புரோகிதரோ கன்னிகாதானமோ தேவையில்லை. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டு மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். கொடுப்பவர் இல்லாமலும் சடங்கு உண்டு என்ற பழைய நெறியின் இன்றைய வடிவமாக இதைக் கொள்ளலாம்.

திருமண வயது 1978 முதல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவரின் சம்மதத்தைச் சம்மதமாகவே கொள்வதில்லை. எனவே, இன்று பள்ளி மாணவி ஒருத்தி தானே விரும்பிச் சென்றாலும், உடன்சென்ற இளைஞன் சிறைக்குப் போக நேரலாம். பதின்வயதுக் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் குறிப்பிட்டது. ஆனால் சட்டத்தின் வாசகம் மாறவில்லை. 1964 தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு யாரும் துணிந்துவிடக் கூடாது.

திரும்பி வரும் வழி

பிறமொழிப் படம் ஒன்று இங்கே ஒப்பிடத்தக்கது. வெஸ் ஆண்டர்சன் இயக்கிய 'மூன்ரைஸ் கிங்டம்' (2012) 1965ஆம் ஆண்டில், கற்பனைத் தீவு ஒன்றில் நடக்கிறது. சாம், சூசி என்ற பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் கடிதம் வழியே திட்டமிட்டு வீட்டைவிட்டுப் போகின்றனர். சூசி எடுத்துச் செல்பவை கதைப் புத்தகங்களும், பூனைக்குட்டியும், தம்பியின் இசைத்தட்டுப் பெட்டியும். வேடிக்கையும் விசித்திரமுமாகப் போகும் படத்தின் முடிவில், பெற்றோரில்லாத சாமைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்கிறார் அத்தீவின் காவலர். பெரியவர் ஒருவர் பொறுப்பேற்றதால் அந்தச் சிறுவனுக்குத் திரும்பி வர ஓர் இடம் கிடைக்கிறது.

ஒரு பையனும் பெண்ணும் காணாமல் போனால், பள்ளி ஆசிரியர் அறையில் எழும் முதற்கேள்வி 'யார் யாரை இழுத்துக்கொண்டு போனது?' என்பதாகவே இருக்கும். பணியில் இருந்த ஆண்டுகளில் நான் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நீதிமன்றத்துக்கு அந்தக் கேள்வி தேவைதான். வீட்டுக்கும் பள்ளிக்கும் அதைவிடத் தேவையானது வேறொன்று: அவர்கள் அடி படாமல், அவமானப்படாமல் திரும்பி வர முடியுமா? ஓதலாந்தையார் மறுதரவுக்கெனத் தனியே பத்துப் பாடல்களை ஒதுக்கினார். நம் காலத்துப் படங்களில் அந்தப் பகுதி இல்லாமல் போகிறது, அல்லது வஞ்சகமாக முடிகிறது.

வீட்டில் பேச முடியாத நிலையில் உள்ள சிறார், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை இந்தியாவின் எந்த ஊரிலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம். ரயில் நிலையத்தில் தனியாகக் காணப்படும் சிறாரை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டம் விதித்துள்ள கடமை. தாம்பரம் நிலையத்தில் இறங்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.